தோளும் துவக்கும்

விசையை அழுத்திய கணத்தில் இரண்டு பொருள்கள் இயங்கத் தொடங்குகின்றன. சன்னம் முன்னோக்கிச் செல்கின்றது. துவக்குப் பின்னோக்கி வருகின்றது. வேட்டைக்காரர் எழுதிய நூல்களை எடுத்து நோக்கின், சன்னத்தின் செலவைப் பக்கம் பக்கமாக விரித்துரைக்கும் அவர்களுட் பலர், துவக்கின் வரவைப் பற்றி ஓரிரு சொற்களோடு அமைந்துவிடுதலைக் காணலாம். தோள் வலித்ததென்று சொல்லுதல் ஆண்மைக்கு இழுக்கென்று கருதினர் போலும். ஆயினும், குறி ஏன் வாய்க்கின்றது, ஏன் பிழைக்கின்றது என்று ஆராயப் புகும் ஒருவர், குழல்வாயை விடுத்துத் துவக்குக் கட்டை வந்து பொருந்தும் தோளிடத்திலேயே தம் ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டியவராகின்றார்.

பின்னுதைப்பு என்பது மறைபொருளன்று. 1687ஆம் ஆண்டில் நியூற்றன் வெளியிட்ட இயக்க விதிகளுள் மூன்றாவதைப் பாடசாலையிற் கற்ற எவரும் அதனைத் தாளிற் கணித்துவிடலாம். 1906ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டதும், பின்னர் உலகெங்கும் வேட்டைக்குரியதாகிவிட்டதுமான '.30-06' என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோர், அதன் சன்னம் 11.7 கிராம் திணிவுடன் செக்கனுக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்திற் செல்வதைக் காண்பர். அதனோடு 3.6 கிராம் வெடிமருந்து வாயுவாகிச் சன்னத்தினும் மிகுந்த வேகத்தோடு குழல்வாயினின்றும் பாய்கின்றது. இவ்விரண்டின் உந்தத்தையுங் கூட்டினால் 14 கிலோகிராம்-மீற்றர்/செக்கன் வரும். அதே உந்தத்தை எதிர்த்திசையிற் பெற்ற 3.6 கிலோகிராம் திணிவுள்ள துவக்கு, செக்கனுக்கு 4 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தோடு தோளை நோக்கி வருகின்றது. அதன் இயக்கச் சத்தி 27 யூல். ஒரு கிலோகிராம் நிறையுள்ள கல்லொன்று இரண்டே முக்கால் மீற்றர் உயரத்திலிருந்து வந்து தோளில் வீழ்வதற்கு இது நிகராகும். ஒருமுறை தாங்கலாம். இருபது முறை தாங்கியவனுடைய உடம்பு இருபத்தோராவது முறைக்கு முன்னரே தன் கருத்தைத் தெரிவிக்கத் தொடங்கிவிடும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. விசை விடுபட்டபின் சன்னம் குழலைக் கடந்து வெளியேறுவதற்குச் செல்லும் நேரம் செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு, மிஞ்சினால் அதனினும் சிறிது கூடுதல். அதற்குள் துவக்குப் பின்னோக்கி நகரும் தூரம் 2 மில்லிமீற்றர் மாத்திரமே. எஞ்சிய உதைப்பு முழுவதும் சன்னம் சென்ற பின்னர்தான் தோளை வந்தடைகின்றது. மனித உடம்பு ஒரு தாக்கத்தை உணர்ந்து அதற்கு எதிராக அசைவதற்குச் செக்கனில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். ஆகவே, நடந்த உதைப்பு நடந்த வெடியின் குறியைக் கெடுப்பது அரிது. குறியைக் கெடுப்பது நடக்கவிருக்கும் உதைப்பு. விசையை அழுத்துவதற்கு முற்பட்ட அரைக்கணத்தில், வரப்போவதை அறிந்த உடம்பு தோளை முன் தள்ளுகின்றது, கண்ணை மூடுகின்றது, விரலை வெடுக்கென்று இழுக்கின்றது, குழல்வாய் தாழ்கின்றது. இதனை வெருட்சி என்று சொல்லலாம். அச்சம் என்று சொல்லுதல் பொருந்தாது. ஏனெனில், தாம் அஞ்சவில்லை என்று உண்மையாகவே நம்புகின்றவர்களிடத்தும் இது காணப்படுகின்றது.

தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் ஓடும் பூட்டுத்தண்டையுடைய துவக்குகள் தோன்றுவதற்கு முன்னர், பெருவிலங்கு வேட்டைக்குரிய துவக்கு என்பது பெரும்பாலும் ஒரு சிறு பீரங்கியாகவே இருந்தது. கரிமருந்தினாற் சன்னத்துக்கு மிகுந்த வேகத்தைக் கொடுக்க இயலாமையால், அதன் திணிவைக் கூட்டுவதே வழியாயிற்று. 1848ஆம் ஆண்டு முதல் நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கைக் காடுகளிற் பயன்படுத்திய துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையும், 3 அவுன்சு ஈயக்குண்டும் உடையது. அந்நிறையே அதன் உதைப்பை ஒருவாறு அடக்கியது. உந்தம் மாறாதிருக்கத் துவக்கின் திணிவை இருமடங்காக்கினால், அது தோளுக்குக் கொண்டுவரும் சத்தி பாதியாகும். பேக்கர் பெருந்தோளர், அத்தகைய சுமையைத் தூக்கித் திரிதல் அவருக்கு இயன்றது. பிற்காலத்தில் ஆபிரிக்காவுக்கு அவர் கொண்டு சென்ற துவக்கொன்று அரை இறாத்தல் நிறையுள்ள வெடிகுண்டை எறிவது. 'குழந்தை' என்று அவர் பெயரிட்ட அதனை, உடன்சென்ற அராபியர் 'பீரங்கியின் பிள்ளை' என்றனர். அது தம்மைப் புயலிடைப்பட்ட காற்றாடிபோற் சுழற்றிவிடும் என்றும், அதனை வெடிக்கத் தாமே தயங்கினார் என்றும் பேக்கர் எழுதியுள்ளார். அவரைப்போன்ற ஒருவர் அதனை ஒப்புக்கொண்டமை பாராட்டுக்குரியது.

பேக்கரினும் வெளிப்படையாகப் பேசியவர் பிரெடெரிக் செலூஸ். 1871ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், தென்னாபிரிக்காவில் வந்திறங்கிய அவர், மலிவான இரண்டு வாய்வழித் துவக்குகளை வாங்கி யானை வேட்டையைத் தொடங்கினார். ஒவ்வொன்றின் குண்டும் 4 அவுன்சு. துவக்கின் நிறையோ பேக்கருடையதன் நிறையிற் பாதியை ஒட்டியதே. மருந்தைத் தோற்பையிலிருந்து கையால் அள்ளி இட்டு, ஓடிக்கொண்டே நிரப்பிச் சுடுவது அவர் வழக்கம். ஒருமுறை, நிரப்பியிருந்த துவக்கை அறியாமல் உதவியாளர் மீண்டும் நிரப்பிக் கொடுத்துவிட, அவ்வெடி செலூஸைத் தூக்கி எறிந்தது. அத்துவக்குகள் பல யானைகளை வீழ்த்தின என்பது மெய். ஆயினும், 1881ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், அவற்றைக் கையில் எடுக்காதிருந்திருக்கலாமே என்று செலூஸ் வருந்தினார். அவற்றின் உதைப்புத் தம் நரம்புகளைத் தாக்கி, பிற்காலத்தில் இலகுவான துவக்குகளைச் சுடுகையிலும் தம் கையின் நிலைபேற்றைக் கெடுத்துவிட்டது என்பது அவர் முடிவு. மூன்று பருவங்கள் பெற்ற உதைகளை ஓர் உடம்பு எத்தனையோ ஆண்டுகள் மறவாதிருந்தது. வெருட்சி கற்கப்படுவது, எளிதிற் கற்கப்பட்டு அரிதின் மறக்கப்படுவது. இதற்குச் செலூஸின் சொற்களினுஞ் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று புகையற்ற வெடிமருந்து; அது சிறிய சன்னத்தைப் பெருவேகத்திற் செலுத்தும் ஆற்றல் வாய்ந்தது. மற்றையது ஜேர்மனியின் ஒபென்டோர்ப் என்னும் ஊரிற் பவுல் மௌசர் செப்பஞ்செய்த பூட்டுத்தண்டு. 1898ஆம் ஆண்டில் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட அவ்வமைப்பில், தண்டின் முன்முனையில் உள்ள இரண்டு புடைப்புகள், தோட்டா இருக்கும் அறைக்கு அண்மையிலேயே, உருக்கு வளையத்துக்குள் திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. வெடியின் விசை முழுவதும் குழலின் அச்சுக்கு நேர்ப்பின்னே தாங்கப்படுகின்றது. அங்ஙனம் தாங்கப்படும்போது இருபுறமும் சமமாக அழுந்துமாயின், துவக்கு ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அதிர்கின்றது. நுண்குறி என்பதன் அடிப்படை இதுவே. துவக்கு அதிராதிருத்தல் இயலாது. எப்பொழுதும் ஒரே விதமாக அதிர்தலே வேண்டப்படுவது. மௌசரின் அமைப்புக்குப் பின்னர் வந்த வேட்டைத் துவக்குகளுட் பல அதன் வழித்தோன்றல்களே.

மௌசர் படைத்துவக்குக்கென அமைத்த 7 மில்லிமீற்றர்த் தோட்டாவை இலண்டனின் றிக்பி கம்பனி வேட்டைக்கு எடுத்துக்கொண்டு, '.275' என்று ஆங்கிலேயரின் செவிக்கு ஏற்றதொரு பெயரைச் சூட்டிற்று. அதன் உந்தம் ஏறத்தாழ 11. முன்னர்க் கூறிய அமெரிக்கத் தோட்டாவுக்கு 14. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால், உதைப்பின் சத்தி உந்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஒரே திணிவுள்ள துவக்கில், 27 யூல் இருந்த இடத்தில் 17 யூல் ஆகிவிடுகின்றது. உந்தத்தில் ஐந்திலொரு பங்கு குறைய, தோளின் சுமை மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைகின்றது. இந்த வர்க்கக் கணக்கு வேட்டைக்காரருக்குப் பெரியதொரு நற்பேறு.

அந்நற்பேற்றை முற்றாகப் பயன்படுத்தியவர் ஸ்கொத்லாந்தில் 1880இற் பிறந்த டபிள்யூ. டி. எம். பெல். உகண்டாவின் கரமோஜாப் பகுதியிலும் பிறவிடங்களிலும் தந்தத்துக்காக அவர் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை இந்த 7 மில்லிமீற்றர்ச் சன்னத்தால் வீழ்ந்தவை. அத்தொகையைக் கேட்டு இன்று வியப்போர் சிலரும் வருந்துவோர் பலருமாவர், அது தகுவதே. எனினும், பெல் செய்த வேலையின் முறை வேறாக வைத்து நோக்கத்தக்கது. அவர் யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்துப் பார்த்தார். அப்பெருந்தலையினுள் மூளை எங்கே, எந்த உயரத்தில், எந்தக் கோணத்திலிருந்து நோக்கினால் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை வரைந்து கற்றார். எஞ்சிய தலை பெரும்பாலும் தேன்கூடு போன்ற எலும்பும் காற்றறைகளுமே. சரியான இடத்தை அடையும் 11 கிராம் சன்னமொன்று போதும். தவறான இடத்தை அடையும் 4 அவுன்சுக் குண்டும் போதாது. இதனை அறிந்தபின், உதைப்புக் குறைந்த துவக்கையே அவர் விரும்பி ஏந்தினார். வெறுந்துவக்கைத் தோளில் வைத்து விசையை அழுத்திப் பழகுவதை நாளாந்தக் கடமைபோற் செய்தும் வந்தார்.

பெல்லைப் பின்பற்றப் புகுந்து துன்புற்றோரும் உளர் என்பதையும் இங்கே சொல்லுதல் வேண்டும். அவருடைய துவக்கை எவரும் வாங்கலாம். அவர் அறுத்துப் பார்த்த மண்டையோட்டை வாங்க முடியாது. பின்னாளிற் கிழக்காபிரிக்க நாடுகள் பல, யானை போன்ற விலங்குகளுக்கு .375 அங்குலத்திற் குறைந்த விட்டமுடைய சன்னங்களைச் சட்டத்தால் விலக்கியமைக்குக் காரணம் உண்டு. இலகுவான துவக்கு, அறிவுக்கு மாற்றீடாகாது. ஆயின், கனமான துவக்கும் அறிவுக்கு மாற்றீடாகாது என்பதையே வேட்டையுலகம் மெதுவாகக் கற்றது. இன்னும் முற்றாகக் கற்றதென்று சொல்வதற்கில்லை.

இனித் துவக்கைச் செம்மைசெய்யும் தொழிலைக் கருதலாம். துவக்குக் கம்மியனிடம் வருவோர் பொதுவாக இரண்டு குறைகளைச் சொல்வர்: குறி சிதறுகின்றது, தோள் நோகின்றது. அவர்கள் இவற்றை இரு வேறு நோய்களாக எண்ணி வருகின்றனர். கைதேர்ந்த கம்மியன் இரண்டையும் ஒரே மரக்கட்டையிலேயே தேடத் தொடங்குகின்றான். மரம் உயிர்விட்ட பின்னும் மழையை அறியும் பொருள். ஈரம் ஏறிய காலத்திற் கட்டை உப்பிக் குழலின் ஒருபக்கத்தை அழுத்துமாயின், கோடையில் நேராகச் சுட்ட துவக்கு மாரியில் விலகிச் சுடும். ஆகவே, குழலுக்கும் மரத்துக்குமிடையே ஒரு கடதாசித் துண்டைச் செருகி, அது தடையின்றி முழு நீளத்துக்கும் ஓடுகின்றதா என்று பார்ப்பது முதற்பரிசோதனை. ஓடாத இடத்தில் மரத்தைச் சுரண்டி இடைவெளி உண்டாக்குவர். பூட்டுத்தண்டு அமைந்த உருக்குப்பகுதி மரத்தில் அமரும் இடத்திலோ இதற்கு நேர்மாறான முறை. அங்கு இடைவெளி சிறிதும் இருத்தல் கூடாது. இறுகியபின் சுருங்காத இப்பொக்சிப் பசையை மரத்திற் பூசி, உருக்கின்மேல் மெழுகிட்டு, அச்சில் வார்ப்பதுபோல் அமர்த்தி எடுப்பர். ஒவ்வொரு வெடியிலும் பின்னுதைக்கும் உருக்கு ஒரே இடத்துக்கு மீண்டு வந்து அமர்தல் வேண்டும். மயிரளவு இடம்மாறினும் அடுத்த சன்னம் வேறிடம் செல்லும். பொருத்தாணிகள் தளர்ந்திருத்தலும், குழல்வாயின் விளிம்பு எங்கேனும் நசுங்கி வாயு ஒருபுறமாகக் கசிதலும் இதே விளைவைத் தரும். நூறு ரூபாய்க்கும் செலவில்லாத இத்தகைய குறைகளுக்காகப் புதிய துவக்கே வாங்கியவர்கள் உண்டு.

கட்டையின் வடிவமே தோளின் விதியைத் தீர்மானிக்கின்றது. குழலின் அச்சு தோளுக்கு மேலே செல்லுமாறு, பின்பகுதி மிகத் தாழ்ந்து வளைந்த கட்டையாயின், உதைக்கும் துவக்கு நேராகப் பின்வாராது மேலெழும்பிக் கன்னத்தை அடிக்கும். தோளில் விழும் அடியை மறப்பவன் கன்னத்தில் விழுந்ததை மறவான். அச்சுக்கு அண்மையாக நேராய் அமைந்த கட்டை, அதே சத்தியைத் தோளின் பரப்பிற் பகிர்ந்து கொடுக்கின்றது. கட்டையின் நீளம் ஏந்துவோரின் கைக்கு ஒத்திருத்தல் வேண்டும். குட்டையாயின் பெருவிரல் மூக்கைத் தாக்கும். நெட்டையாயின் கட்டை தோளின் குழியை விட்டுப் புயத்தில் அமரும். கட்டையின் அடியிற் பொருத்தும் இறப்பர் மெத்தை சத்தியைக் குறைப்பதில்லை, அது வந்து சேரும் நேரத்தை நீட்டுகின்றது. துடுப்பாட்டத்திற் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்வாங்கிப் பிடிக்கும் வித்தையே அது. இலகுவான துவக்கு மலையேறுவோருக்கு இன்பம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடையில் அரைக் கிலோகிராம் குறைந்ததென்று மகிழ்ந்து வாங்குபவர், அக்குறைவைச் சுடும்போது தோளாற் செலுத்துகின்றார்.

இனிக் குறியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு மீற்றரில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வட்டத்துள் மூன்று சன்னங்களைச் சேர்க்கும் துவக்கு மிக நல்ல துவக்கு. மான் ஒன்றின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியோ 20 சென்ரிமீற்றர் அகலமுடையது. 6 சென்ரிமீற்றரிற் சுடும் துவக்கும் அவ்வேலைக்கு மிகையாகவே போதும். இருந்தும், 3ஐ 2 ஆக்குவதற்காகப் பெரும்பணத்தைச் செலவிடுவோர், தம் வெருட்சி கூட்டும் 30 சென்ரிமீற்றரைப் பற்றிச் சிந்திப்பதில்லை. இயந்திரத்தின் குறையை ஒப்புக்கொள்வது எளிது.

அந்த 30 சென்ரிமீற்றரைக் கண்ணாற் காட்டுவதற்குப் பயிற்றுநர் கையாளும் ஒரு பழைய முறை உண்டு. சுடுபவரை அப்பால் நோக்கச் செய்து, பயிற்றுநரே துவக்கை நிரப்புகின்றார். சிலமுறை உண்மையான தோட்டா, சிலமுறை மருந்தில்லாத போலித்தோட்டா. எது உள்ளதென்று சுடுபவருக்குத் தெரியாது. விசை அழுத்தப்படுகின்றது, வெடி எழவில்லை, ஆயினும் குழல்வாய் ஒரு சாண் தாழ்கின்றது, தோள் முன்னே பாய்கின்றது, கண் இறுக மூடுகின்றது. உதைப்பில்லாத இடத்தில் உதைப்புக்கு அஞ்சிய உடம்பு வெட்டவெளிச்சமாகின்றது. அந்நேரத்திற் சுடுபவரின் முகத்தை நோக்காதிருத்தல் பயிற்றுநரின் பண்பு. இருபது ஆண்டுகள் வேட்டையாடியவர்களும் இதில் அகப்படுவதுண்டு. துவக்கு விலகிச் சுடுகின்றதென்று கம்மியனிடம் முறையிட்டு வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

இதற்கு மருந்து, கசப்பானதன்று, சலிப்பானது. வெறுந்துவக்கில் விசையைப் பலநூறு முறை அழுத்தல். சிறிய விட்டமுடைய, உதைப்பே இல்லாத துவக்கில் நெடுநாள் பழகுதல். பெருந்துவக்கை ஒருநாளிற் பத்து முறைக்கு மேற் சுடாதிருத்தல். விசை எக்கணத்தில் விடுபடுமென்று அறியாதவாறு சிறிது சிறிதாக அழுத்தக் கற்றவனிடம் வெருளுவதற்கு உடம்புக்கு நேரம் வாய்ப்பதில்லை. இத்துடன் செவியையும் காத்தல் வேண்டும். வெருட்சியைத் தோளின் நோய் என்றே பலர் கருதினும், அதிற் பெரும்பங்கு ஓசைக்குரியது. வேட்டைத் துவக்கின் ஓசை 160 டெசிபெல்லை எட்டுவது. செவியை ஒரே வெடியில் ஊறுபடுத்தத்தக்கது. குழல்வாயிற் பொருத்தும் துளையிட்ட தடுப்பி, வாயுவைப் பக்கவாட்டிற் செலுத்தி உதைப்பிற் பெரும்பகுதியைக் குறைக்கின்றதாயினும், அவ்வோசையைச் சுடுபவரின் செவிக்கே திருப்புகின்றது. தோளைக் காத்துச் செவியை விற்கும் வணிகம் அது. பின்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளில் வேட்டைக்காரர் பலர் ஒலியடக்கியைப் பொருத்துகின்றனர். அது ஓசையையும் உதைப்பையும் ஒருங்கே குறைப்பது. பின்லாந்திற் பெருங்கலைமான் வேட்டைக்குச் செல்ல விரும்புவோர் 75 மீற்றர்த் தூரத்தில், 90 செக்கனுக்குள், நான்கு சன்னங்களையும் 23 சென்ரிமீற்றர் வட்டத்துள் இட்டுக் காட்டுதல் வேண்டும். வட்டம் பெரிதுதான், ஆயினும், நான்கில் மூன்று வாய்த்தவருக்கு அனுமதி இல்லை.

அந்த நான்காவது சன்னத்தை அவர்கள் இத்துணைப் பொருட்படுத்துவது ஏன்? படைச்செருக்கைப் பாட வந்த வள்ளுவர், முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தவறவிட்ட வேலே ஏந்துவதற்கு இனிது என்றார். அது போர்க்களத்துப் பெருமிதம். அங்கே அச்சொல் அழகியது. காட்டுக்கு அது பொருந்தாது. முற்றாகத் தவறிய சன்னத்தால் எவர்க்கும் கேடில்லை. பாதி தவறிய சன்னமோ விலங்கின் உடம்போடு புறப்பட்டுச் செல்கின்றது. அது எங்கே போய்ச் சேருமென்பதைச் சுட்டவர் அறிவதில்லை.

அறியப்பட்ட ஒரு செய்தி இமயமலை அடிவாரத்துக் குமாவோனிற் கிடைத்தது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 மனிதரைக் கொன்றதென்று கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டில் ஜிம் கோர்பெற் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்த புலியின் வாயை ஆராய்ந்தபோது, வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை உடைந்திருந்தது. பழைய துவக்குக் காயமொன்றின் விளைவு அது. அப்பற்களின்றித் தன் இயற்கை இரையைக் கொல்ல இயலாமையே அதனை மனிதரிடம் திருப்பிற்று என்று கோர்பெற் எழுதினார். எவரோ ஒருவர் எக்காலத்திலோ புலியொன்றைச் சுட்டார். சன்னம் சில அங்குலம் விலகிற்று. அவர் வீடு திரும்பி உணவுண்டு உறங்கியிருப்பார். விலகிய காரணம் வெருட்சியோ, தளர்ந்த ஆணியோ, உப்பிய மரமோ, எவரும் அறியார். அதன் பின்னர் மலையூர்கள் பலவற்றில் மக்கள் கதவைத் திறக்க அஞ்சினர்.

அப்புலியைக் கொன்றமைக்காக மாகாணத்தின் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெற் கோர்பெற்றுக்குப் பரிசாக அளித்தது, மௌசர் அமைப்பில் றிக்பி கம்பனி செய்த .275 துவக்கு. பெல் யானைக்கு ஏந்திய அதே இனம். அக்காலத்து வேட்டைக்காரர் பலர் மானுக்கு மட்டுமே உகந்ததென்று கருதியது.

இலகுவான துவக்கு என்ன செய்யவல்லது என்பதைக் கோர்பெற் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மீண்டும் அறிந்தார். சௌகர்ப் புலி என்று பெயர்பெற்ற மற்றொரு மனிதக்கொல்லியைத் தேடிச் செல்கையில், பக்கிப் பறவை ஒன்றின் இரண்டு முட்டைகளைக் கண்டார். பறவை முட்டைகளைச் சேர்த்து வைப்பது அவர் வழக்கம்; இவை வடிவில் வழக்கத்துக்கு மாறாக இருந்தமையால் இடக்கையில் மெல்ல ஏந்திக்கொண்டார். வலக்கையில் துவக்கு. நீர் வற்றிய ஓடையொன்றில் இறங்கிப் பெரும்பாறை ஒன்றைக் கடந்து, வலத்தோளின்மேலாகத் திரும்பி நோக்கியபோது, எட்டு அடித் தூரத்தில் புலி படுத்திருந்து அவரையே நோக்கியது. விரைந்து அசைந்திருந்தால் அது பாய்ந்திருக்கும். இடக்கை முட்டைகளாற் கட்டுண்டமையால் அவரால் விரைந்து திரும்ப இயலவில்லை. மார்புக்குக் குறுக்கே கிடந்த துவக்கை ஒற்றைக்கையால், மணிக்கூட்டு முள்ளைப்போல, மெதுவாகச் சுழற்றினார். கனமான துவக்காயின் அது நடவாது. புலியின் பார்வை அவர் முகத்தை விட்டு அகலவில்லை. கை முழுநீளமும் நீண்டிருக்க, கட்டை தோளிற் பொருந்தாத நிலையில், குழல்வாய் புலிக்கு நேரானதும் விசையை அழுத்தினார். மறுவெடிக்குத் தேவை ஏற்படவில்லை.

பாதகமென்று பிறர் கருதக்கூடிய மூன்று காரியங்கள் அன்று தமக்குச் சாதகமாயின என்று பின்னர், 1944ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், அவர் எண்ணிச் சொன்னார்: கையிலிருந்த முட்டைகள், இலகுவான துவக்கு, புலி மனிதக்கொல்லியாயிருந்தமை. முட்டைகளிரண்டும் உடையவில்லை. அவற்றை எடுத்த இடத்திலேயே அவர் திரும்ப வைத்தார். அரைமணி நேரங்கழித்து அவ்வழியே வந்தபோது, தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது.